சத்திரம் உண்டு, மன்றம் இல்லை

சுங்குவார்சத்திரத்தில், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு புதிய மனைப்பிரிவில் அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நின்றிருந்தேன். வீடுகள் இன்னும் எழும்பாத அந்தத் தார்ச்சாலையில் பத்துப் பன்னிரண்டு சிறார்கள் சக்கரக் காலணி அணிந்து விரைந்துகொண்டிருந்தனர். ஒரு சிறுமி மட்டும் தனியே, பயிற்றுநர் சுண்ணக்கட்டியால் வரைந்து கொடுத்த வட்டத்தின் மீது ஒற்றைக் காலில் சுற்றிவரப் பழகிக்கொண்டிருந்தாள். தண்ணீர் லாரி ஒன்று வந்தது. எல்லாரும் ஓரமாக ஒதுங்கினார்கள். லாரி போனபின் பார்த்தால் வட்டத்தில் பாதி அழிந்திருந்தது. பயிற்றுநர் மீண்டும் குனிந்து வரையத் தொடங்கினார்.

அந்த வட்டத்துக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. ஃபிகர் ஸ்கேட்டிங் என்று இன்று தொலைக்காட்சியில் நாம் பார்த்து வியக்கும் பனித்தள ஆட்டம் தாவலிலோ சுழற்சியிலோ தொடங்கவில்லை. பனியின் மீது காலால் உருவம் வரைவதில் தொடங்கியது. வட்டம், எட்டு, வளைவுக்குள் வளைவு எனக் காலை எடுக்காமல் கோடிழுக்கும் அந்தக் கலை, புள்ளிகளைச் சுற்றி இழையைக் கொண்டுசெல்லும் நமது சிக்குக் கோலத்துக்கு மிக நெருக்கமானது. பெயரில் உள்ள ‘ஃபிகர்’ என்ற சொல் அந்த உருவங்களையே குறிக்கிறது. சர்வதேசப் போட்டிகளிலிருந்து கட்டாய உருவங்கள் நீக்கப்பட்டது 1990-இல்தான்.

அந்தக் கலையைக் காத்து வளர்த்தவை அரசுகள் அல்ல, உள்ளூர் மன்றங்கள். உலகின் முதல் ஸ்கேட்டிங் மன்றமாகக் கருதப்படும் எடின்பரோ மன்றம் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் உறுப்பினராக விரும்புவோர் இரு கால்களிலும் தனித்தனியே ஒரு முழு வட்டம் வரைந்து காட்ட வேண்டும்; பிறகு ஒரு தொப்பியையும், இரண்டு தொப்பிகளையும், மூன்று தொப்பிகளையும் அடுத்தடுத்துத் தாண்ட வேண்டும். உறுப்பினராவதற்குத் திறனே நுழைவுச்சீட்டு. 1849-இல் தொடங்கிய ஃபிலடெல்பியா மன்றத்தினர் உறைந்த ஆற்றில் ஆடச் செல்லும்போது கயிற்றுச் சுருளையும் உடன் கொண்டுசென்றனர். பனி உடைந்து நீரில் விழுவோரைக் காப்பாற்றுவது உறுப்பினரின் கடமை. பின்னாளில் உயிர்காக்கும் சங்கம் ஒன்றுடன் இணைந்து, அதன் பெயரையும் தன் பெயரோடு அந்த மன்றம் சேர்த்துக்கொண்டது.

அமெரிக்காவின் தேசிய ஃபிகர் ஸ்கேட்டிங் அமைப்பு 1921-இல் உருவானபோது அதில் இருந்தவை ஏழு மன்றங்கள். இன்று அவை பல நூறு. சிறுவர்க்கான தொடக்க வகுப்பும், படிநிலைத் தேர்வும், உள்ளூர்ப் போட்டியும் இன்றும் மன்றங்களின் வழியாகவே நடக்கின்றன. ஒரு மன்றத்தின் வேர் எவ்வளவு ஆழமானது என்பதற்குப் பாஸ்டன் ஸ்கேட்டிங் மன்றமே சான்று. 1961 பிப்ரவரியில் உலகப் போட்டிக்குச் சென்ற அமெரிக்க அணி முழுவதும் பெல்ஜியத்தில் விமான விபத்தில் மடிந்தது. பாஸ்டன் மன்றத்தைச் சேர்ந்தோர் பலர் அதில் இருந்தனர். மீண்டும் 2025 ஜனவரியில் வாஷிங்டன் அருகே நடந்த விமான விபத்தில் அதே மன்றத்தைச் சேர்ந்த ஆறு பேர் உயிரிழந்தனர்: இரு இளம் ஆட்டக்காரர்கள், அவர்களுடைய தாய்மார்கள், இரு பயிற்றுநர்கள். ஒரு தலைமுறையையே இழந்த மன்றம் அடுத்த தலைமுறையை உருவாக்கியது. மறுபடியும் இழந்தபின் மறுபடியும் வகுப்புகளைத் தொடர்கிறது. கட்டடம் மட்டும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

பனியே இல்லாத நமக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நம் நாட்டிலேயே இதற்கு இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது சிம்லா. அங்குள்ள ஐஸ் ஸ்கேட்டிங் மன்றம் 1920-இல் தொடங்கப்பட்டது. அதற்குக் குளிர்பதன இயந்திரம் கிடையாது. குளிர்காலத்தில் திறந்தவெளித் தளத்தில் நீரைத் தெளித்து, இரவில் அது உறைந்தபின் காலையும் மாலையும் ஆடுகிறார்கள். வானம் மூடிக்கொண்டால் நீர் உறையாது. அன்று ஆட்டம் இல்லை. புவி வெப்பமடைதலால் ஆடக்கூடிய நாள்கள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆயினும் ஒரு நூற்றாண்டைக் கடந்தும் அந்த மன்றம் உயிருடன் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் தளத்தைச் சீர்செய்யவும் நீர் தெளிக்கவும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரவும் ஆள் இருக்கிறார்கள் என்பதே காரணம்.

இரண்டாவது டேராடூன். 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிக்காக அங்கே ‘ஹிமாத்ரி’ என்ற ஒலிம்பிக் தரத்திலான உள்ளரங்கப் பனித்தளம் கட்டப்பட்டது. போட்டி முடிந்தது, மின்கட்டணச் சுமையும் பராமரிப்புச் செலவும் மிஞ்சின. தளம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. 2025-இல்தான் மீண்டும் உயிர்பெற்று, அதே ஆண்டு ஆகஸ்டில் ஆசிய அளவிலான ஷார்ட் டிராக் போட்டியை நடத்தியது. சிம்லாவில் இயந்திரம் இல்லை, மன்றம் இருந்தது, நூறாண்டு நின்றது. டேராடூனில் எல்லா இயந்திரமும் இருந்தது, அன்றாடம் தளத்தைப் பயன்படுத்தி அதற்காகக் குரல்கொடுக்கும் மன்றம் வேரூன்றவில்லை, தளம் பூட்டப்பட்டது. விளையாட்டுக் கொள்கை வகுப்போர் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

மன்றம் இல்லாத நாடு வீரரை வெளியிலிருந்து பெற வேண்டியிருக்கிறது. தேசிய ஃபிகர் ஸ்கேட்டிங் பட்டத்தைப் பலமுறை வென்ற தாரா பிரசாத், இந்தியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர்; 2019-இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். 2025-இல் ஹார்பினில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டில் எட்டாம் இடம் பெற்றார். அந்தச் சாதனை நமக்குப் பெருமை. ஆனால், அவருடைய கால்களுக்குக் கிடைத்த தளமும் பயிற்சியும் நம்முடையவை அல்ல.

தமிழகத்தில் ஸ்கேட்டிங் என்றால் சக்கரம்தான். 1863-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிம்டன், உடலைச் சாய்த்தால் வளைந்து திரும்பும் நான்கு சக்கரக் காலணியை உருவாக்கியபிறகு, பனித்தளத்து உருவங்களைச் சிமெண்ட் தரையிலும் மரத்தரையிலும் வரைய முடிந்தது. ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டிங் எனப்படும் இந்தச் சக்கர வடிவத்தில் இந்தியா வெறுங்கையுடன் நிற்கவில்லை. 2010 குவாங்சௌ ஆசிய விளையாட்டில் தெலங்கானாவைச் சேர்ந்த அனூப் குமார் யாமா தனிநபர் பிரிவிலும், அவனி பஞ்சாலுடன் இணைந்து இணையர் பிரிவிலும் வெண்கலம் வென்றார். 2015-இல் அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது.

வேகப் பிரிவில் தமிழகத்தின் கணக்கு இன்னும் பெரிது. 2023-இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் 3,000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்திய ஆடவர் அணியும் மகளிர் அணியும் வெண்கலம் வென்றன. இரண்டிலும் தமிழகத்தினர் இருந்தனர். சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்டாய்ஹேயில் 1,000 மீட்டரிலும், பின்னர் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் வென்று, வேக ஸ்கேட்டிங்கில் உலகச் சாம்பியன் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த இளைஞர் அவர்.

பதக்கம் வந்த நாளில் எல்லோரும் வாழ்த்தினோம். அந்தப் பதக்கங்கள் எங்கே விளைகின்றன என்று கேட்டவர்கள் குறைவு. விடியற்காலையில் போக்குவரத்து தொடங்குமுன் சாலையில் நடக்கும் பயிற்சி; மாலையில் பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்துத் தளத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து நடக்கும் வகுப்பு; சென்னை ஷெனாய் நகரில் உள்ளதுபோன்ற ஓரிரு மாநகராட்சித் தளங்கள். தொடக்கநிலைக் காலணி சில ஆயிரம் ரூபாய். போட்டிக்குரிய காலணியோ பல பத்தாயிரங்களில் தொடங்கி லட்சத்தையும் தாண்டும். பிள்ளையின் பாதம் வளர வளர அதை மாற்ற வேண்டும். இந்தச் செலவு முழுவதையும் சுமப்பவர்கள் பெற்றோர்கள். அவர்களை ஒன்றுசேர்த்து, ஒருவர் பிள்ளைக்குச் சிறியதாகிப்போன காலணியை இன்னொருவர் பிள்ளைக்கு மாற்றிக் கொடுக்கும் எளிய ஏற்பாடுதான் மன்றம். பெரும்பாலான இடங்களில் அதுகூட ஒரு தனிப் பயிற்றுநரின் கைப்பேசி எண்ணாகவே இருக்கிறது. அவர் ஊர் மாறினால் எல்லாம் முடிந்தது.

இந்த வெற்றிடத்தை இன்னொன்று நிரப்பிவருகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஸ்கேட்டிங், சிலம்பம் சுற்றியபடி ஸ்கேட்டிங், வரிசையாக நிறுத்திய வாகனங்களின் அடியில் குனிந்து நுழையும் ஸ்கேட்டிங் என்று ‘சாதனை’ நிகழ்ச்சிகள் ஊர்தோறும் நடக்கின்றன. கட்டணம் செலுத்தினால் ஏதோ ஒரு சாதனைப் புத்தகத்தின் சான்றிதழும் கேடயமும் கிடைக்கும். பிள்ளைகளின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், அந்தச் சான்றிதழ் அவர்களை மாவட்டப் போட்டிக்கோ மாநில அணிக்கோ இட்டுச்செல்வதில்லை. அங்கீகாரம் பெற்ற சங்கம் எது, பெறாதது எது என்பது தெரியாமல் பணம் கட்டி ஏமாறும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். எடின்பரோவில் மூன்று தொப்பியைத் தாண்டியவரின் திறனைச் சோதித்தவர்கள் அவருடைய சக உறுப்பினர்கள். சோதிப்பவர் கட்டணம் வாங்கும் வணிகராக இருந்தால் அந்தத் தேர்வுக்குப் பொருள் இல்லை.

இனி, மீண்டும் சுங்குவார்சத்திரம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழில் வட்டாரம் நாட்டிலேயே மிக அதிகமாக உற்பத்தி நடக்கும் இடங்களில் ஒன்று. காரும் கைப்பேசியும் குளிர்பதனப் பெட்டியும் இங்கிருந்து உலகுக்குச் செல்கின்றன. ஆயினும், முந்தைய தலைமுறைத் தொழில்மயத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பெரம்பூர் ஐ.சி.எஃப்., நெய்வேலி, திருச்சி பெல் ஆகியவை தொழிற்சாலையுடன் குடியிருப்பையும் பள்ளியையும் மைதானத்தையும் கொண்டுவந்தன. அந்த மைதானங்களில் தொழிலாளியின் பிள்ளைகள் விளையாடினார்கள், அணிகள் பிறந்தன. புதிய தொழில்மயம் கொண்டுவந்தவை பணிமுறைப் பேருந்தும் விடுதியும்.

விடுதி தேவையில்லை என்று சொல்லவில்லை. வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில், 18,720 பெண் பணியாளர்கள் தங்கும் வகையில் சிப்காட் கட்டிய விடுதி வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மிகவும் அவசியமான பணி அது. ஆனால், விடுதி பணியில் இருக்கும் வரைக்கும் மட்டுமே. இந்த ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கர் இளைப்பாறிச் செல்லக் கட்டப்படுவது சத்திரம். இன்று இந்த வட்டாரம் முழுவதையும் நாம் ஒரு பெரிய சத்திரமாகவே திட்டமிடுகிறோம். வருபவர் வேலை செய்வார், தூங்குவார், போய்விடுவார் என்பது அதன் உள்ளான எண்ணம். அவர்களில் பலர் போகவில்லை. திருமணம் செய்து, வாடகை வீட்டில் குடியேறி, மனை வாங்கி, பிள்ளை பெற்று இங்கேயே தங்கிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள்தான் தார்ச்சாலையில் சக்கரம் உருட்டுகிறார்கள்.

நிறுவனத்தை மட்டும் நம்பி ஊர் வாழ முடியாது என்பதையும் இந்த வட்டாரம் கண்டிருக்கிறது. 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கலைந்துபோனார்கள். 2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது விவாதத்தின் மையத்தில் இருந்தது ஒன்றுகூடிச் சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமை. தொழிற்சங்கம் வேறு, விளையாட்டு மன்றம் வேறு என்பதை அறிவேன். ஆனால், இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்து, தங்களுக்குள் ஒரு விதியை ஏற்று, பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் அது. அந்தப் பழக்கம் நெருக்கடி நேரத்தில் மட்டும் தோன்றினால் பதற்றமாகிறது. அன்றாட வாழ்வில் வளர்ந்தால் ஊராகிறது.

மன்றம் என்ன செய்யும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. மறுகுடியமர்வுக் குடியிருப்பாகவே அறியப்பட்ட கண்ணகி நகரின் பெயரை, 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியின் கார்த்திகா மாற்றி எழுதினார். அவரை உருவாக்கியது அந்தக் குடியிருப்பின் கபடிக் குழு. 2024-இல் அமெரிக்காவில் உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னையின் எளிய பயிற்சிக்கூடம் ஒன்றில் வளர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள். இரண்டிலும் அரசின் பரிசு பின்னால் வந்தது. மன்றம் முன்னால் இருந்தது.

அப்படியானால் கபடியும் கேரமும் போதுமே, செலவு மிகுந்த ஸ்கேட்டிங் எதற்கு என்ற கேள்வி எழும். குடிநீரும் பேருந்தும் போதாத இடத்தில் இது ஆடம்பரம் என்போரும் உண்டு. நியாயமான கேள்விதான். என் பதில் இரண்டு. ஸ்கேட்டிங் பணக்கார ஆட்டமாக இருப்பது பொதுத்தளமும் பொதுக் காலணிகளும் இல்லாததால்தான். மன்றத்தின் அலமாரியில் முப்பது இணைக் காலணிகள் இருந்தால் நூறு பிள்ளைகள் முறைவைத்துப் பழகலாம். அடுத்து, ஒரு வழவழப்பான சிமெண்ட் தளம் ஸ்கேட்டிங்குக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டியதில்லை. காலையில் முதியோர் நடக்கலாம். இரவுப் பணி முடித்துவரும் பெண்கள் பகலில் இறகுப்பந்து ஆடலாம். தொழிற்பேட்டையின் சரக்கு வாகனங்கள் ஓடும் சாலையில் பிள்ளைகள் பயில்வதைவிட இது பாதுகாப்பானது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு நிலம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலான பரப்பில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக உள்ளாட்சி அமைப்புக்குக் கொடையாக ஒப்படைக்க வேண்டும். மனைகள் பெருகிய இந்த வட்டாரத்தில் அத்தகைய இடங்கள் கம்பி வேலிக்குள் முள் மண்டிக் கிடக்கின்றன. ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டிங்குக்கு ஏறத்தாழ 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட திறந்த தளம் போதும். அரங்கமோ கூரையோ தேவையில்லை. சமதளமும் கைப்பிடிக் கம்பியும் விளக்கும் வேண்டும்.

பணமும் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி பெருநிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கிராமப்புற விளையாட்டுக்கும் தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டுக்கும் அளிக்கும் பயிற்சி அந்தப் பட்டியலில் உண்டு. தம் பணியாளர்களுக்கு மட்டுமே பயன்படும் செலவு இதில் சேராது என்பதால், ஊருக்குத் திறந்த மன்றமே இதற்குப் பொருத்தமானது. ஒருநாள் போட்டி நடத்திச் சீருடைச் சட்டையும் பதாகையும் கொடுப்பதற்குப் பதில், ஒரு பயிற்றுநரின் ஐந்தாண்டு ஊதியத்தை ஏற்றுக்கொள்ள நிறுவனங்கள் முன்வர வேண்டும்.

இல்லாதது அமைப்பு. 2024-இல் தமிழக அரசு 12,525 ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணங்களை வழங்கத் தொடங்கியது, நல்ல திட்டம். ஆனால், அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கும், கிழிந்த பந்துக்கு மாற்று யார் வாங்குவார் என்ற கேள்விகளுக்கு ஊரில் விடை சொல்ல ஒரு மன்றம் வேண்டும். 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டமும் தேசியக் கூட்டமைப்புகளை ஒழுங்குபடுத்துவதையே மையமாகக் கொண்டுள்ளது. கோபுரத்தைச் சீரமைக்கும்போது அடித்தளத்தையும் பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் அங்கீகாரம் பெற்ற மன்றங்கள், அவற்றின் பயிற்றுநர்கள், கட்டணம் ஆகியவற்றின் பட்டியலை வெளியிடட்டும். 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவுபெற்று, ஆண்டுதோறும் கணக்கு காட்டி, பெற்றோரையும் பெண்களையும் நிர்வாகத்தில் கொண்டு, சிறார் பாதுகாப்பு விதிகளை ஏற்கும் மன்றங்களுக்குத் திறந்தவெளி நிலத்தைப் பயன்படுத்தும் அனுமதியை ஊராட்சிகள் வழங்கட்டும். நிலம் ஊராட்சியிடமே இருக்கும். பராமரிப்பும் பயிற்சியும் மன்றத்தின் பொறுப்பு. கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகளுக்குக் குறிப்பிட்ட பங்கு இடம் ஒதுக்குவதை அனுமதியின் நிபந்தனையாக்கலாம்.

நான் நின்றிருந்த அந்த மனைப்பிரிவின் மூலையிலும் ‘பூங்கா மற்றும் விளையாட்டிடம்’ என்று எழுதிய ஒரு பலகை இருந்தது. அதன் பின்னால் சீமைக் கருவேலம் ஆளுயரம் வளர்ந்திருந்தது. பிள்ளைகள் அதற்கு எதிரே சாலையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். இருட்டத் தொடங்கியதும் பயிற்றுநர் காலணிகளை ஒரு சாக்குப் பையில் சேகரித்து இருசக்கர வாகனத்தில் கட்டினார். அடுத்த ஞாயிறு அவர் மறுபடியும் வட்டம் வரைவார். அதை அழியாத தளத்தில் வரைய அவருக்கு ஓரிடம் தர ஊராட்சி தீர்மானம் ஒன்றே போதும். அந்தத் தீர்மானத்தைக் கேட்டுப் பெற அந்தப் பெற்றோர்கள் ஒரு மன்றமாக வேண்டும்.